பத்து மணிக்கு நீங்கும் வயிற்றுவலி

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகளைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டி முடிக்கும் நேரத்தில், அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது. ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் குறையொன்றும் தென்படவில்லை. வேன் போய்விட்டது, இனி இன்று பள்ளி இல்லை என்று உறுதியானதும் வலி மெல்லக் குறைந்து, பத்து மணிக்குள் முற்றிலும் நீங்கிவிடுகிறது. “நடிக்கிறாள்” என்கிறார் தந்தை. கண் பட்டிருக்கிறது என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார் பாட்டி. தாயத்துக் கட்டிய வாரம் நான்கு நாள் பள்ளிக்குப் போனாள். அடுத்த வாரம் பழைய கதைதான். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது ஒரு சொல்லில் திக்கியதும், பின்வரிசையில் சிலர் சிரித்ததும்தான் தொடக்கம் என்று பின்னர் தெரியவந்ததாம். மகள் நடிக்கிறாளா, தாயத்தைக் கழற்றிவிடலாமா என்பவை வாசகியின் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கான விடை எளிது: அவள் நடிக்கவில்லை. மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா ஆபத்தென்று கருதிவிட்டால் அட்ரினலின் சுரப்பதும், நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும் பள்ளிப் பாடத்திலேயே வருபவை. குடல் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்பவை. அச்சத்தின்போது சுரக்கும் பொருள்கள் இரைப்பையின் இயக்கத்தைத் தாமதப்படுத்தி, பெருங்குடலின் இயக்கத்தை முடுக்கிவிடுகின்றன. எனவே வலி உண்மையான வலிதான். ஸ்கேனில் தெரியும் வகையில் அங்கே புண்ணோ கட்டியோ இல்லை, அவ்வளவே.

தந்தைக்கு நடிப்பின் அடையாளமாகத் தோன்றும் அந்தப் பத்து மணிதான், உளவியலாளருக்கு நோயின் விசையைக் காட்டிக்கொடுக்கும் இடம். அச்சமூட்டும் ஒன்றை விட்டு விலகியவுடன் கிடைக்கும் நிம்மதி, மூளையைப் பொறுத்தவரை ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை மறுபடியும் செய்யத் தூண்டும். அச்சம் கற்கப்படுவது ஒரு வழியில், விலகல் நிலைபெறுவது வேறொரு வழியில் என்று 1940களில் அமெரிக்க உளவியலாளர் ஹோபர்ட் மௌரர் பிரித்துக் காட்டினார். சிரிப்பொலி அச்சத்தைக் கற்பித்தது ஒருமுறைதான். நிம்மதியோ வீட்டில் தங்கிய ஒவ்வொரு நாளும் விலகலுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, பள்ளிக்குப் போயிருந்தால் என்னதான் நடந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பும் அவளுக்கு இல்லாமற்போகிறது. சரிபார்க்கப்படாத அச்சம் வட்டிக் கடனைப் போல வளரும்.

அப்படியானால் கற்ற அச்சத்தை அழிக்க முடியுமா? இதற்கான விடைதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது.

ரஷ்ய உடலியலாளர் பாவ்லவின் நாயை அனைவரும் அறிவோம். மணியோசை என்று பாடநூல்கள் சொன்னாலும், அவருடைய சோதனைச்சாலையில் அடிக்கடி பயன்பட்டது மெட்ரோனோம் கருவியின் டிக்டிக் ஒலி. ஒலிக்குப் பின் உணவு வந்ததால் ஒலி கேட்டதுமே உமிழ்நீர் சுரந்தது. உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது சுரப்பு படிப்படியாக நின்றது. இதனை ‘அணைதல்’ என்று சொல்லலாம். பெரும்பாலோர் பாடத்தை இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் சற்று இடைவெளி விட்டு அதே ஒலியை மறுபடி எழுப்பியபோது, இடையில் எந்தப் பயிற்சியும் தரப்படாமலேயே, நின்றுபோன உமிழ்நீர் தானாகத் திரும்பி வந்தது. முதற்பாடம் அழிந்திருந்தால் இது நிகழ்ந்திருக்க முடியாது. ஒலி வந்தால் உணவு வரும் என்ற பழைய நினைவின் மேல், ஒலி வந்தாலும் உணவு வராது என்ற புதிய நினைவு படர்ந்திருந்ததே தவிர, பழையது எங்கும் போய்விடவில்லை. நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான அறிவியல் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இந்த இரண்டாம் நினைவுக்கு மூளையில் இடமும் உண்டு. அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவை, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி அடக்கிவைக்கிறது. அச்சம் அணைந்ததை நினைவுகூரும்போது எலிகளின் மூளையில் அந்தப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் துடிப்பதை 2002இல் மிலாட், குவிர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆனால் புதிய நினைவுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: கற்ற இடத்தோடும் கற்ற நேரத்தோடும் அது ஒட்டிக்கொள்கிறது. ஒரு கூண்டில் அச்சம் அணைந்த எலியை வேறு கூண்டில் விட்டால் மறுபடி நடுங்குகிறது. ஆலோசகரின் அறையில் தடையின்றி வாசிக்கும் பெண் வகுப்பறையில் ஏன் உறைந்துபோகிறாள் என்பதும், திங்கட்கிழமையும் காலாண்டு விடுமுறை முடிந்த முதல் நாளும் ஏன் அத்தனை கடினமாக இருக்கின்றன என்பதும் இதனால் விளங்கும். இடைவெளியில் சாம்பல் கலைந்துவிடுகிறது.

மனிதக் குழந்தையிடம் இதைத் தெளிவாகப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். முயலைக் கண்டால் அலறிய, மூன்று வயதுகூட நிறையாத ஒரு சிறுவனைப் பற்றிய அவருடைய கட்டுரை 1924இல் வெளிவந்தது. அதில் அவனைப் பீட்டர் என்று அழைக்கிறார். முதலில், முயலுக்கு அஞ்சாத குழந்தைகளோடு அவனை விளையாட விட்டு, முயலைச் சிறிது சிறிதாகப் பழக்கினார். இதற்கிடையில் பீட்டருக்குக் காய்ச்சல் கண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் பயிற்சி தடைப்பட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய்ந்துவிட, அச்சம் தொடங்கிய இடத்துக்கே போய்விட்டது. ஜோன்ஸ் மனம் தளராமல் வேறொரு வழியில் மறுபடி தொடங்கினார்: உயரமான நாற்காலியில் அமர்ந்து பிடித்த தின்பண்டத்தை அவன் உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் உண்பது தடைப்படாத தூரம் வரை மட்டும் நகர்த்திக்கொண்டு வந்தார். முடிவில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதற்கு விட்டுவிட்டுப் பீட்டர் அமைதியாக இருந்தான். அந்த நாய் வராத ஒரு கட்டுரையாக இருந்திருந்தால் எனக்கு அதன்மேல் இத்தனை நம்பிக்கை வந்திருக்காது.

வளரிளம் பருவம் இதில் தனியாக நிற்கிறது. 2012இல் நியூயார்க் ஆய்வாளர்கள் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், பெரியவர்கள் ஆகிய மூவகையினரையும் ஒப்பிட்டபோது, மற்ற இரு வகையினரைக் காட்டிலும் நடுவிலிருந்த பதின்வயதினரிடம்தான் அச்சம் அணைவது குறைவாக இருந்தது. அந்த வயதுக்கு ஒத்த சுண்டெலிகளிடமும் அதையே கண்டார்கள். அடக்கிவைக்க வேண்டிய முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. “இத்தனை வயதாகியும் பயமா?” என்று பதினான்கு வயதுப் பெண்ணைக் கேட்பது, அறிவியல்படி பார்த்தால், மிகத் தவறான வயதில் கேட்கப்படும் கேள்வி.

செய்யவேண்டியது படிக்கட்டு அமைப்பதே. மாலையில் வகுப்பறை காலியான பின் தோழி ஒருத்தியிடம் ஒரு பத்தி வாசிப்பது, பிறகு அதையே ஆசிரியர் முன் வாசிப்பது, முன்கூட்டிச் சொல்லிவைத்த பத்தியை வகுப்பில் வாசிப்பது, கடைசியாகச் சொல்லிவைக்காமல் அழைக்கும்போது எழுவது என்று அது ஏறும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் என்ன நடக்குமென்று அஞ்சுகிறாள் என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் அவளே எழுத வேண்டும்: “தொண்டை அடைக்கும், மயங்கி விழுவேன், நூற்றுக்குத் தொண்ணூறு.” நடந்ததை அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருக்கும்போதுதான் மூளை புதிதாகக் கற்கிறது என்பதால், நெஞ்சின் படபடப்பு அடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படபடக்கும்போதே வாசித்து முடிப்பதில்தான் பயன் அதிகம். ஒரே படியைப் பல இடங்களில், பல நாள்களில் ஏறுவது புதிய நினைவை இடத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது.

பெற்றோரின் பங்கு இங்கே பெரிது. விடுப்புக் கடிதம் எழுதுவதும், கடைக்காரர் அவளிடம் கேட்ட கேள்விக்குத் தாயே பதில் சொல்வதும் அன்பினால் செய்பவை. ஆனால் நிம்மதி என்ற அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவையும் அவையே. யேல் பல்கலைக்கழகத்தின் லெபோவிட்ஸ் குழுவினர் 124 சிறாரைக் கொண்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவில் பிள்ளைகளுக்குச் சிகிச்சையே தரவில்லை. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள்; பிள்ளைக்கு நேரடியாக அளிக்கும் உளவியல் சிகிச்சைக்குச் சற்றும் குறையாத பலன் கிடைத்தது. அங்கே கற்பித்த பேச்சின் சாரத்தை நம் வழக்கில் சொன்னால், “வயிறு வலிக்குதுன்னு தெரியும்மா, கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உன்னால தாங்கிக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு” என்பதாகும். முதற்பாதியை மட்டும் சொல்லும் வீடுகளும் பிற்பாதியை மட்டும் சொல்லும் வீடுகளும் நம்மிடம் நிறைய உண்டு.

இது போதாத நிலையில் மருந்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரைக் கொண்டு 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரும், செர்ட்ராலின் மருந்து பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரின் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. படிக்கட்டு, பொய்யான ஆபத்துக்கு மட்டுமே உரியது. பள்ளியில் அடியோ, பாலியல் தொல்லையோ, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதோ நடக்கிறதென்றால், அந்த அச்சம் சரியாக வேலைசெய்கிறது. அங்கே மாற வேண்டியது பள்ளி. எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ படியும் வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416இல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

2015-16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. ஒன்றிய அரசின் சுகாதார நிதியில் மனநலத்துக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதிலும் பெரும்பகுதி பெங்களூரின் நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. நான் மேலே சொன்ன சிகிச்சை ஆய்வுகள் எல்லாமே அமெரிக்காவில் நடந்தவை என்பதை வாசகர் கவனித்திருப்பார். பாட்டியும் சித்தியும் சேர்ந்து வளர்க்கும் வீட்டில் அந்தப் பெற்றோர் பயிற்சியை யாருக்குத் தருவது என்பதை நாம்தான் ஆராய வேண்டும்; அதற்குப் பணம் ஒதுக்காமல் பள்ளி விழாக்களில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுக்கு ஒதுக்குவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இனித் தாயத்து. அது முதல் வாரத்தில் வேலை செய்தது உண்மைதான், கண்ணேறு விலகியதால் அன்று. அச்சத்தின் நடுவே பாதுகாப்பை உணர்த்தும் எந்தப் பொருளும் படபடப்பைத் தற்காலிகமாகக் குறைக்கும். தண்ணீர்ப் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வதும், தாயின் கைப்பேசி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்வதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், நான்கு நாள் ஒன்றும் நேராததற்கான பெருமை முழுவதையும் மூளை தாயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது, வாசித்த பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதற்காக நாளைக் காலையே அதை அறுத்தெறிந்து பாட்டியையும் பேத்தியையும் அழவைக்க வேண்டாம். மூன்றாம் படியில் அவள் நிலைபெற்ற பிறகு, ஒருநாள் அதைக் கழற்றிப் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். இன்னொரு நாள் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். அன்றும் குறிப்பேட்டில் இரண்டு பக்கமும் எழுதட்டும்.