இரண்டு ஏஸ் வந்தால் வென்றாக வேண்டும் என்று யார் சொன்னது?

மோசமான சீட்டை நம்பிக் கடனாளி ஆனேன் என்று சொல்லிக்கொண்டு இதுவரை எவரும் என்னிடம் வந்ததில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கடன் ஆலோசகராக நான் கேட்கும் போக்கர் கதைகள் அனைத்திலும் தோற்றவர் கையில் இரண்டு ஏஸோ இரண்டு கிங்கோ இருந்தே தீரும். கடைசியாக வந்த இளைஞர், ஊழியர் சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கில் இருந்ததை வழித்தெடுத்து, போதாததற்கு நண்பரிடமும் கைமாற்று வாங்கி, மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் வைத்தவர். "ரெண்டு ஏஸ் வெச்சிருந்தேங்க்கா. அவன்கிட்ட வெறும் ரெண்டு எட்டு. நான் எப்படித் தோக்க முடியும்? ஆப்ல ஏதோ தில்லுமுல்லு நடக்குது" என்றார். இதே வாக்கியத்தை இன்னொரு முறை கேட்கும் பொறுமை எனக்கு இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

தில்லுமுல்லு நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தோற்பதற்குத் தில்லுமுல்லு எதுவும் தேவைப்படவில்லை. டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு தனியாகவும், மேசையில் ஐந்து சீட்டு பொதுவாகவும் வரும். அதில் இரண்டு ஏஸும் இரண்டு எட்டும் கடைசிச் சீட்டு வரை மோதினால், ஏஸ் 100க்கு ஏறத்தாழ 80 முறை வெல்லும், மீதி 20 முறை தோற்கும். அந்த 20 முறையும் ஆட்டத்தின் கணக்குக்கு உட்பட்டவைதான். இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால், நெடுநேரம் காத்திருந்தவருக்கு அது ஒரு வரம்போலத் தோன்றிவிடுகிறது. காத்திருந்த நேரத்துக்கும் வெல்லும் வாய்ப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

80 விழுக்காடு என்றால் ஏறக்குறைய உறுதி என்று நினைப்பவர்களுக்காக இன்னும் ஒரு கணக்கு. ஒவ்வொரு முறையும் 80 விழுக்காடு வாய்ப்புள்ள சீட்டே வருகிறது, ஒவ்வொரு முறையும் கையிலுள்ள பணம் முழுவதையும் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். தொடர்ந்து 5 முறை வெல்லும் வாய்ப்பு 100க்கு 33 மட்டுமே. அதாவது, 5 ஆட்டங்களுக்குள் உங்கள் பணம் அத்தனையும் போய்விடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. 10 ஆட்டங்கள் என்றால் தப்பிப்பவர் 100க்கு 11 பேர்கூட இல்லை. இத்தனைக்கும் இதில் ஒரு தவறான முடிவுகூட இல்லை. எல்லா முறையும் நல்ல சீட்டைத்தான் வைத்து ஆடியிருக்கிறீர்கள். வலுவான சீட்டின் ஆதாயம் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் சிறுகச் சிறுகத்தான் சேரும். ஒரே ஆட்டத்தில் வாடகைப் பணத்தை வைப்பவருக்கு அது சேருவதற்கான அவகாசமே கிடைப்பதில்லை.

கடன் ஆலோசகருக்கு ஆட்ட உத்தி எதற்கு என்று கேட்கலாம். விளையாடாதே என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கணக்கை எடுத்து வைத்தால் உட்கார்ந்து கேட்கிறார்கள். உத்தி தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு அதுவும் அரைகுறைதான். நல்ல சீட்டு வந்ததும் எதிராளியை ஏமாற்றுவதாக எண்ணி, முதல் சுற்றில் பந்தயத்தை உயர்த்தாமல் பதுங்குவார்கள். மலிவாகப் பார்க்கலாம் என்று மேசையில் உள்ள அனைவரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஓர் எதிராளியிடம் 85 விழுக்காடு வெல்லும் அதே இரண்டு ஏஸ், நான்கு எதிராளிகள் கடைசிவரை நின்றால் 56 விழுக்காட்டுக்கும், ஒன்பது எதிராளிகள் நின்றால் 31 விழுக்காட்டுக்கும் இறங்கிவிடும். ஆகவேதான், ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயமான பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்காவது உயர்த்தி, எதிராளிகளை ஒருவர் இருவராகக் குறைப்பது வழக்கம்.

அடுத்த தவறு, முதலில் வந்த இரண்டு சீட்டுகளை இறுதிவரை வலுவானவை என்று நம்புவது. கையில் இரண்டு கிங் இருக்கும்போது ஃபிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஏஸ் விழும் வாய்ப்பு 100க்கு 23. இரண்டு ஜாக் என்றால், அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57. ஏஸும் கிங்கும் சேர்ந்து வந்தால் முகம் மலர்ந்துவிடும் பலருக்கு, அது மூன்றில் இரண்டு முறை ஃபிளாப்பில் ஒரு ஜோடிகூட அமையாமல் போகும் என்பது தெரிவதில்லை. ஏஸ் விழுந்து, எதிராளி பெருந்தொகை வைத்து, பிறகும் விடாமல் வைக்கிறார் என்றால் உங்கள் இரண்டு கிங்கைக் கீழே போடுங்கள். அவற்றைத் தாலி கட்டியா கொண்டுவந்தீர்கள்?

ஆனால் கடன் உண்மையில் எங்கே வளர்கிறது என்றால், ஏஸ் தோற்ற ஆட்டத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில், சாதாரணமாகத் தொடவே தொடாத ஏஸ்-ஒன்பதும் கிங்-பத்தும் திடீரென்று வலுவான சீட்டுகளாகத் தெரியத் தொடங்குகின்றன. விட்டதைத் துரத்துவது, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டக் கோளாறின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. என் முன் உள்ள வங்கி அறிக்கைகளிலும் அது பளிச்சென்று தெரியும்: இரவு ஒரு மணிக்கு 200 ரிங்கிட், ஒன்றேகாலுக்கு 300, ஒன்றரைக்கு 500.

பெரிய ஆட்டம் ஒன்றில் தோற்றால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். ஒரே ஆட்டத்தில் மொத்தப் பணத்தையும் வைக்காதீர்கள், கையில் எது இருந்தாலும் சரி. கடன் வாங்கிய பணத்தில் உட்காராதீர்கள். ஆப் வழியாக முகவரிடம் சிப் (பந்தயம் வைக்கும் வில்லை) கடனாக வாங்குவதும் கடன்தான், அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். நாட்டில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் மட்டுமே உள்ளது. முகவரை நம்பிப் பணம் கட்டும் ஆப்பில் மோசடி உண்மையிலேயே நடந்தாலும், சட்டவிரோத ஆட்டத்தில் விட்ட பணத்தை எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பீர்கள்?

ஏற்கெனவே சிக்கிவிட்டவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், தாமதிக்காதீர்கள். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு கட்டணமின்றி ஆலோசனை வழங்கித் தவணைகளைச் சீரமைக்க உதவுகிறது. ஆனால் ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) வாங்கியது அதன் வரம்புக்குள் வராது. எனவே எந்த ஆலோசகரிடம் போனாலும் ஆலோங் கடனை முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றாவது சந்திப்பில் மெதுவாக அவிழ்த்துவிட்டால், அதுவரை போட்ட திட்டம் முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.