பேக்குதானுங்களே, அவன் எங்க ஓடப்போறான்?

இந்த ஜூலையில் மட்டும், கால்பந்தில் அடிபட்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் இவன் நாலாவது பையன். நாலு பேரும் பேக், அதாவது கோலைக் காக்கிற பின்வரிசையில் ஆடுகிறவர்கள். நாலு பேருக்கும் தொடையின் பின்தசை கிழிந்திருந்தது. நாலு வீட்டிலும் ஒரே வசனம். மூன்று முறை சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நாலாவது முறை முடியவில்லை. அன்றைக்குக் கடைசி நோயாளி போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

பையனுக்கு 16 வயது. சோமனூர் பக்கம், வீட்டில் விசைத்தறி. பள்ளி அணிக்கு ரைட் பேக். இரண்டு வாரத்துக்கு முன்னால் பயிற்சியின்போது தொடைக்குப் பின்னால் 'சுருக்' என்று பிடித்திருக்கிறது. சுளுக்கு என்று நினைத்து, எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தி உருவிவிட்டிருக்கிறார்கள். நாலு நாள் நொண்டியிருக்கிறான். வலி குறைந்ததும் ஜோனல் மேட்சுக்குப் போய்விட்டான். இரண்டாம் பாதியில் எதிரணி விங்கரை (மைதான ஓரமாகத் தாக்கி ஓடுகிறவனை) துரத்திக்கொண்டு ஓடும்போது யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தானாம். யாரும் இல்லை.

குப்புறப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். தொடையின் நடுவில் ஆரம்பித்து முழங்கால் மடிப்பு வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி இறங்கியிருந்தது. என் கையை எதிர்த்துக் காலை மடக்கச் சொன்னேன். பாதி மடக்குவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டான். முதல் பிடிப்பிலேயே வந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்திருக்கும் வேலை. இப்போது இரண்டு மாதக் கணக்கு.

அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் மேலே இருக்கும் தலைப்பு. முழுசாகக் கேளுங்கள்: "ஏனுங் மேடம், இவன் பேக்குதானுங்களே? அவன் எங்க ஓடப்போறான்? நின்ன எடத்துல நின்னு, பந்து வந்தா ஓங்கி ஒதைக்கோணும், அவ்வளவுதானுங்களே. ஃபார்வர்டு ஆடற பையனா இருந்தா நானே ஒக்கார வெச்சிருப்பேனுங்."

கெட்ட மனிதர் இல்லை. தறியை நிறுத்திவிட்டு மகனை வண்டியில் வைத்துக் கூட்டிவந்தவர். அடிபட்டது எப்படி என்று காட்ட போனில் வீடியோ வேறு கொண்டுவந்திருந்தார். பதினான்கு நிமிட வீடியோ. அதில் பந்து இருக்கிறது, கோல் போஸ்ட் இருக்கிறது, ஃபார்வர்டு பையன் இருக்கிறான், ஓரத்தில் ஐஸ்காரர்கூட இருக்கிறார். இவர் பையன் மொத்தமாக ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். அவன் விழுந்தபோது கேமரா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, பேக் ஓடுகிறானா இல்லையா? இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான்.

தொழில்முறை ஆட்டத்தில் ஒரு வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவார். கோல்கீப்பரைத் தவிர எல்லாருக்கும் ஏறக்குறைய இதுதான். மொத்த தூரத்தில் முன்னால் நிற்பது ஃபார்வர்டு இல்லை, நடுக்களத்தில் ஆடுகிறவர். ஆனால் என் கவலை மொத்த தூரம் இல்லை, வேகம். ரைட் பேக், லெஃப்ட் பேக் இருவரும் இன்றைய ஆட்டத்தில் விங்கருக்கு வெளிப்பக்கமாக மேலே ஏறிப்போய், ஓரத்திலிருந்து எதிரணி கோல் முன்னால் பந்தைத் தூக்கிப்போட வேண்டும், கிராஸ் என்பார்கள். பந்து பறிபோனால் அதே தூரத்தைத் தன் கோலை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது வேகம் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்று. ஃபார்வர்டு எப்போது ஓடுவது என்று அவனே முடிவு செய்கிறான். களைத்துப்போனால் அடுத்த பந்துக்கு ஓடாமல் கையைத் தூக்கிவிட்டு நின்றுகொள்ளலாம். பேக்குக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய ஓட்டத்தை எதிராளி முடிவு செய்கிறான். தசை தயாராக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, முந்தைய ஓட்டத்தின் மூச்சு வாங்கி முடிந்ததா என்றெல்லாம் எதிரணி விங்கர் விசாரித்துவிட்டு ஓடுவதில்லை. அவன் கிளம்பினால் இவனும் அந்த நொடியே கிளம்ப வேண்டும். தசை கிழிவது அந்தக் கிளம்பலிலும், அதற்கப்புறம் முழு வேகத்தில் கால் எட்டிப்போடும்போதும்தான். ஏன் கிழிகிறது என்ற உடற்கூறியலுக்குள் போகவில்லை, கல்லூரியில் அதை எழுதி எழுதியே எனக்குச் சலித்துவிட்டது.

இதே அணியின் ஃபார்வர்டு போன மாதம் என்னிடம்தான் வந்தான். கணுக்கால் லேசாகப் பிசகியிருந்தது. பி.டி. சாரே பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். "எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க மேடம், பையன் நல்லா ஆகணும்" என்றார். இந்த ரைட் பேக்குக்கு அடிபட்டபோது அதே சார் மாற்று வீரனை இறக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாராம். பையனே சொன்னான், கோபமே இல்லாமல். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் தடவை வலித்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க மேம். நான் இல்லைன்னாலும் யாருக்கும் தெரியாது."

கால்பந்து ஆடுகிற பையன்கள் வந்தால் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். 2019 மார்ச் 9, நம்ம கோவை நேரு ஸ்டேடியம், ஐ-லீக் என்கிற தேசிய கால்பந்து லீக்கின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோலை அடித்தது யார்? பெயர்தான் சென்னை, 2017-18 சீசனிலிருந்து அவர்களுக்குச் சொந்த மைதானமாக இருந்தது வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம ஸ்டேடியம். பெரிய பையன்கள் உடனே சொல்வார்கள்: பெட்ரோ மான்சி. அந்த சீசனில் 21 கோல் அடித்த ஃபார்வர்டு. சின்னப் பையன்கள் முழிப்பார்கள்.

மான்சி இல்லை. மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணி மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி நேரத்தில் 0-1. அதே நேரம் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. புள்ளிப் பட்டியலில் நமக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்ட்டி அடித்து 1-1 ஆக்கினார். அதோடு நின்றிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும், ஏனென்றால் ஈஸ்ட் பெங்கால் அங்கே 2-1 என்று ஜெயித்துவிட்டது. டிரா போதவே போதாது. 69-வது நிமிடத்தில் இரண்டாவது கோல். 90 நிமிடம் முடிந்து கொடுத்த கூடுதல் நிமிடங்களில் மூன்றாவது. இரண்டையும் அடித்தவர் கௌரவ் போரா. அசாமிலிருந்து வந்த இளைஞர். டிஃபென்ஸ் ஆடுகிறவர். 43 புள்ளிக்கு 42, ஒரே புள்ளியில் கோப்பை. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

என்னிடம் வந்த பையன்களில் இதுவரை ஒருவன்கூட போரா பெயரைச் சொன்னதில்லை. இரண்டு கோல் அடித்த டிஃபென்டருக்கே இந்த நிலைமை என்றால், கோல் அடிக்காமல் அந்த சீசன் முழுக்க ஓடியவர்களைப் பற்றி என்ன சொல்ல? எட்வின் சிட்னி வான்ஸ்பால் அந்த அணியில்தான் இருந்தார். நடுக்களம் என்றால் நடுக்களம், ரைட் பேக் என்றால் ரைட் பேக், எங்கே நிற்கச் சொன்னாலும் ஆடுகிற ஆள். அடுத்த சீசனில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணியான சென்னையின் எஃப்சி அவரை எடுத்துக்கொண்டது. பயிற்சியாளர்கள் கண்ணுக்கு இப்படிப்பட்டவர்கள் தெரிகிறார்கள். கேலரிக்கும் அப்பாக்களுக்கும்தான் தெரிவதில்லை.

சென்னையின் எஃப்சியின் 2018 ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டியும் அப்படித்தான். பெங்களூருவை 3-2 என்று வென்ற ஆட்டத்தில் சென்னை அணியின் முதல் இரண்டு கோலும் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியவை. அவரும் டிஃபென்டர்தான். அதற்கு முந்தைய அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராக ஃபார்வர்டு ஜெஜே இரண்டு அடித்தார், அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மீதி ஒன்றை அடித்தவர் தனபால் கணேஷ், வியாசர்பாடி பையன், டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பதுதான் அவர் வேலை.

பெரிய ஊர்க்கதை வேண்டுமென்றால் பிரான்ஸின் மக்கலேலே, அவர் வேலையும் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பதுதான். 2000-ல் ரியால் மாட்ரிட்டுக்கு வந்தார். மூன்று சீசனில் இரண்டு லீக் கோப்பை, ஒரு சாம்பியன்ஸ் லீக். 2003 கோடையில் பெக்காமை வாங்கிய அதே நிர்வாகம், சம்பளம் கூட்டிக் கேட்ட மக்கலேலேவை செல்சீக்கு விற்றது. ரியாலுக்கு அடுத்த லீக் கோப்பை 2007-ல்தான் வந்தது. அவர் போய்ச் சேர்ந்த செல்சீ 2004-05 சீசனில் 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் 15. செல்சீயில் 200 ஆட்டத்துக்கு மேல் ஆடி அவர் அடித்த கோல் இரண்டே இரண்டு. அதில் ஒன்று, அவரே அடித்த பெனால்ட்டியை கீப்பர் தடுத்து, திரும்பி வந்த பந்தைத் தட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர்: டெனிஸ் இர்வின். மான்செஸ்டர் யுனைடெட்டில் 1990 முதல் 2002 வரை. வலது கால்காரர், பெரும்பாலும் இடது பக்கம் ஆடினார். 500 ஆட்டத்துக்கு மேல். கோல் கணக்கை விடுங்கள், ஒரு பேக் பன்னிரண்டு வருடம் 500 ஆட்டம் ஆடினார் என்றால் என் தொழிலில் அதற்குத்தான் மரியாதை.

அப்பாவிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடவில்லை. அதனால் தறிக்கு வந்தேன். புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு முடிந்து தருகிறவர்தான் அச்சு பிணைக்கிறவர். "அண்ணா, உங்க தறிக்கு அச்சு பிணைக்க வர்றவர் ஒரு நாள் வரலைன்னா?"

"தறி நிக்குமுங். போன் போட்டுக் கெஞ்சோணும்."

"அவருக்குக் கையில அடிபட்டா, பிணைக்கறவருதானேன்னு விட்டுருவீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், "அதுவும் இதுவும் ஒண்ணுங்களா மேடம்?" என்றார். ஆனால் இரண்டு மாதம் ஓய்வுக்கு ஒத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

இனி உங்களுக்கு. ஓடும்போது தொடைக்குப் பின்னால் 'சுருக்' என்றால் ஆட்டம் அதோடு முடிந்தது. பத்து நிமிடம் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். அன்றைக்கும் அடுத்த இரண்டு மூன்று நாளும் எண்ணெய் வேண்டாம், உருவ வேண்டாம், சூட்டு ஒத்தடம் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான். சுளுக்கு எடுக்கிற பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கைக்கு வேறு வேலை இருக்கிறது.

வலி போய்விட்டது என்பது ஆறிவிட்டது என்பதில்லை. "மூணு வாரம் ஆச்சுங்களே" என்று காலண்டரைக் காட்டாதீர்கள். முழு வேகத்தில் வலியில்லாமல் ஓட வேண்டும், திடீரென்று நின்று திரும்ப வேண்டும், இரண்டு காலின் பலமும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம். மறுபடி கிழிவதில் பெரும்பகுதி மைதானத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது.

பி.டி. சார்களுக்கு ஒரு வேண்டுகோள், கெஞ்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் முறை இலவசமாகக் கிடைக்கிறது. 20 நிமிடம், ஒரு பந்து போதும். அதில் ஒரு பயிற்சி: பையன் முட்டி போட்டு நிற்க, இன்னொருவன் அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். நார்டிக் என்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் பின்தசைக் காயம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு விசில் அடிப்பது வார்ம்-அப் ஆகாது. மாற்று வீரர்களையும் சேர்த்துச் செய்யவையுங்கள், பெஞ்சிலிருந்து குளிர்ந்த காலோடு இறங்குகிறவர்கள் அவர்கள்.

கோல்கீப்பர் அம்மாக்களே, "நிக்கற வேலைதானே" என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். செல்சீ கோல்கீப்பர் பெட்டர் செக் 2006 அக்டோபரில் மண்டையோடு உடைந்து, அப்புறம் ஓய்வு பெறும் வரை தலைக்கவசத்தோடுதான் ஆடினார். தலையில் மோதல் நடந்தால், பையன் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சத்தியம் செய்தாலும், அன்றைக்கு ஆட்டத்தில் மறுபடி இறக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி.

என்னிடம் வரும்போது அவன் மைதானத்தில் போடுகிற ஷூவை எடுத்து வாருங்கள், எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். வீடியோ கொண்டுவருவதாக இருந்தால் உங்கள் பையன் தெரிகிற வீடியோவாகக் கொண்டு வாருங்கள். பந்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை.