லூட்டின் டிராப்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி மஞ்சக்கருவ யாரு சாப்பிடறாங்கன்னு பாருங்க

இப்பல்லாம் ஓபிக்கு வர்ற அம்மாக்கள்ல நெறைய பேர் போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்ட காட்டி "மேம், இந்த டிராப்ஸ்ல லூட்டின் இருக்காம், மூளை வளர்ச்சிக்கு நல்லதாம், குடுக்கலாமா"ன்னு கேக்கறாங்க. டயட்டீஷியனா நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், வீட்ல முட்டை அவிச்சா மஞ்சக்கருவ யாரு சாப்பிடறாங்க? பாதி வீட்ல அது அப்பா தட்டுக்கு போகும், இல்ல குப்பைக்கு. சூடு, கொழுப்புன்னு சொல்லி பிள்ளைக்கு வெள்ளைக்கருவ மட்டும் ஊட்டிட்டு லூட்டின காசு குடுத்து வாங்கறாங்க!

லூட்டின்ங்கறது ஒரு மஞ்சள் நிறமி. கீரையில ஏராளமா இருக்கு, பச்சையம் மூடிடறதால கண்ணுக்கு தெரியாது, அவ்ளோதான். நம்ம உடம்பால இத தயாரிக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். விழித்திரையோட நடுவுல போய் படிஞ்சு நீல வெளிச்சத்த வடிகட்டுது. விழித்திரையே கருவுல மூளையில இருந்து பிரிஞ்சு வளர்ற பகுதிதான், அதனால மூளையிலயும் இது இருக்கறதுல ஆச்சரியமில்ல. ஆச்சரியம் அளவுலதான். 2014ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல, இறந்துபோன கைக்குழந்தைகளோட மூளைத் திசுவ பார்த்தப்ப அதுல இருந்த கரோட்டினாய்டுகள்ல, அதாவது லூட்டின் சேர்ந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிக் குடும்பத்துல, 59 சதவீதம் லூட்டின். பிள்ளைங்க சாப்பாட்டுல இந்த வகை நிறமிகள்ல அதோட பங்கு சுமார் 12 சதவீதம்தான். அப்போ மூளை இதத் தேடிப்பிடிச்சு சேத்து வெச்சுக்குது. சீம்பால் மஞ்சளா இருக்கறதும் கரோட்டினாய்டுகளாலதான், அத பீச்சி கொட்டற பாட்டிங்க கிட்ட நான் எவ்ளோ சொன்னாலும் தகும்.

சரி, இதனால படிப்பு வருமான்னு கேட்டா அங்கதான் கொஞ்சம் நிதானமா பேசணும். இல்லினாய் பல்கலைக்கழகத்துல 8, 9 வயசு பிள்ளைங்கள வெச்சு பார்த்தப்ப கண்ணுல இந்த நிறமி அதிகமா இருந்தவங்க கணக்குலயும் எழுத்துலயும் நல்லா பண்ணிருக்காங்க. ஆனா கீரை அடிக்கடி சமைக்கற வீட்ல மத்த கவனிப்பும் நல்லாத்தானே இருக்கும், எது எதனால வந்துச்சுன்னு இத மட்டும் வெச்சு சொல்ல முடியாது. லூட்டின் இல்லாம வேற ஒரு ஊதா நிறமிய வெச்சும் பார்த்திருக்காங்க, இங்கிலாந்துல ரீடிங் பல்கலைக்கழகத்துல அந்த நிறமி உள்ள புளூபெர்ரி பானம் குடிச்ச பிள்ளைங்களுக்கு சில ஞாபகசக்தி டெஸ்ட்ல முன்னேற்றம் தெரிஞ்சுது, அதுவும் குடிச்ச சில மணி நேரத்துக்குள்ள பார்த்தது. அந்த ஊதா நிறமி நம்ம நாவல்பழத்துலயும் கருப்பு திராட்சையிலயும் இருக்கு, இறக்குமதி டப்பா தேட வேண்டாம்.

கவனம் இல்ல, மந்தமா இருக்கான்னு கூட்டிட்டு வர்ற பிள்ளைக்கு நான் மொதல்ல பாக்க சொல்றது ஹீமோகுளோபின். 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேப்படி 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல நாட்டுல 67 சதவீதம், தமிழ்நாட்டுல 57 சதவீதம் ரத்தசோகையோட இருக்காங்க. இரும்புச்சத்து கொறைஞ்சா கவனமும் கத்துக்கறதும் அடிவாங்கும்ங்கறதுக்கு லூட்டினவிட ரொம்ப உறுதியான ஆதாரம் இருக்கு. கீரையில இரும்பு இருந்தாலும் உடம்பு கொஞ்சமாத்தான் எடுத்துக்கும், எலுமிச்சை பிழிஞ்சு குடுங்க, சாப்பாட்டோட டீ காபி வேண்டாம், ரத்தத்துல ரொம்ப கொறைஞ்சிருந்தா டாக்டர் சொல்ற சிரப் வேணும், கீரை மட்டும் போதாது.

லூட்டின் கொழுப்புலதான் கரையும். வெறும் தண்ணில வேகவெச்ச கீரைய டயட்டுன்னு குடுத்தா பிள்ளை துப்பறதும் நடக்கும், நிறமி சரியா சேராமயும் போகும். பாசிப்பருப்போட கடைஞ்சு ஒரு ஸ்பூன் நெய் விட்டு, இல்ல முருங்கைக்கீரைய அடை மாவுல போட்டு குடுங்க. மஞ்சக்கருவுல லூட்டின் அளவு கீரையவிட கம்மிதான், ஆனா கொழுப்பு கூடவே இருக்கறதால நல்லா உடம்புல சேரும். கரு நல்ல மஞ்சளா வரணும்னு கோழித் தீவனத்துலயே செண்டுமல்லி சாறு கலப்பாங்க, கடையில விக்கற லூட்டின் மாத்திரைக்கும் பெரும்பாலும் அதே பூதான் மூலப்பொருள்!

முட்டை சாப்பிடாத வீடா இருந்தா மக்காச்சோளம், பச்சைப்பட்டாணி, கீரைன்னு மாத்தி மாத்தி குடுங்க. லூட்டினுக்குன்னு ஒரு நாளைக்கு இவ்ளோ வேணும்னு அதிகாரப்பூர்வ அளவே கிடையாது, அதனால டப்பாவுல போட்டிருக்கற மில்லிகிராம பார்த்து பயப்படாதீங்க. குறைமாசத்துல பொறந்த பிள்ளைன்னா மட்டும் எந்த டிராப்ஸையும் குழந்தை டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க.