'டிக்'னு சத்தம் கேட்டா சேஃப்டி வேலை செய்யுதுன்னு யாரு சொன்னது?

துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் நான், என் கடைக்கு இந்த மாசமும் ஒண்ணு வந்துருச்சு. 1911ங்கற மாடல், அஞ்சு இன்ச் பேரல், நல்ல கம்பெனி பிஸ்டல், பின்னாடி குறி பாக்கற சைட் மட்டும் மாத்தணும்னு ஒரு தம்பி கொண்டு வந்தார். டெக்சாஸ்ல ஐடி வேலை, நம்மாளு தான். எந்த வேலைக்கு வந்தாலும் பெஞ்ச்ல வச்சதும் முதல்ல சேஃப்டி செக் பண்ணிடுவேன். மேகசினை எடுத்து, சேம்பர், அதாவது தோட்டா நிக்கற அறை, காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு, பின்னாடி இருக்கற சுத்தியலான ஹேமரை ஏத்தி, கட்டை விரலால தள்ற லீவரான தம்ப் சேஃப்டியை மேல தள்ளி ட்ரிகரை நல்லா அழுத்தினேன். ஹேமர் விழல. விரலை வெளிய எடுத்துட்டு சேஃப்டியை கீழ இறக்கினேன், ட்ரிகர் கிட்ட விரலே இல்ல, டப்புனு ஹேமர் விழுந்துச்சு.

தம்பி, இந்த சேஃப்டி யாரு போட்டதுன்னு கேட்டா, "நான்தாண்ணா, ரெண்டு பக்கமும் லீவர் இருக்கற மாடல் ஆன்லைன்ல வாங்கினேன், வீடியோ பாத்து கொஞ்சம் அரம் போட்டேன், டிக்குனு கரெக்டா உக்காந்துச்சு"ன்றார். இடுப்புல வச்சுட்டு சுத்திட்டு இருந்திருக்கார், வீட்டுல சின்னக் குழந்தை வேற. இதே டிக் கதையை எத்தனை பேர் கிட்ட கேக்கறதுன்னு வெறுத்துப் போய்தான் எழுதறேன்.

அந்த 'டிக்' சேஃப்டில இருந்து வரதே இல்லைங்க. ஃப்ரேமோட இடது பக்கம் கிரிப்புக்கு மேல ஒரு சின்ன குழாய் இருக்கும் பாருங்க, ப்ளஞ்சர் ட்யூப்னு சொல்லுவோம், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கும் ரெண்டு முனைல ரெண்டு பின்னும் இருக்கு, அதுல பின்பக்கம் இருக்கற பின் லீவரைத் தள்ளிப் பிடிக்கறதுனால வர சத்தம் தான் அது. லீவர் மேல நிக்கவும் கீழ நிக்கவும் அதுதான் காரணம், அவ்வளவுதான் அதோட வேலை. உள்ள ஹேமர் விழாம தடுக்கறது வேற இடம். லீவரோட உள்பக்கம் ஒரு குட்டி மேடு இருக்கு, அது போய் சியரோட, அதாவது ஏத்தின ஹேமரைப் பிடிச்சு வச்சிருக்கற குட்டி பாகத்தோட, வால்ல முட்டி நிக்கணும், சியர் அசையலேன்னா ஹேமர் விழாது. கம்பெனிக்காரன் அந்த மேட்டை வேணும்னே கொஞ்சம் பெருசா விட்டு அனுப்புவான், ஏன்னா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் சியர் நிக்கற இடம் ஒரு முடி அளவு மாறும், அதை அந்தந்த பிஸ்டலுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு உக்கார வைக்கணும். ஒரு இன்ச்ல ஆயிரத்துல சில பங்கு கூட எடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுது. அப்பவும் லீவர் அழகா மேல போகும், டிக்குனு சத்தம் வரும், மேல முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடு கூட லாக் ஆகும், ஏன்னா ஸ்லைடைப் பிடிக்கறது அந்த லீவரோட இன்னொரு மூலை. எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும், தடுக்க வேண்டியது மட்டும் தடுக்காது. அந்தத் தம்பி பிஸ்டல்ல மேடு சியரைப் பாதி வழியில தான் பிடிச்சிருக்கு, சியர் ஹேமர் கொக்கியோட நுனில தொங்கிட்டு இருந்திருக்கு. அதுல ஃபைரிங் பின் ப்ளாக்கும், அதாவது தோட்டாவைக் குத்தற ஊசியை முன்னாடி போக விடாமத் தடுக்கற பாகமும், கிடையாது.

அந்த ப்ளாக் பத்தி ரெண்டு வார்த்தை. கோல்ட்ங்கற (Colt) துப்பாக்கி கம்பெனி 1983ல சீரிஸ் 80னு கொண்டு வந்தாங்க, ட்ரிகரை முழுசா இழுத்தா தான் ஃபைரிங் பின் முன்னாடி போகும். ட்ரிகர் கொஞ்சம் கரகரன்னு இருக்குன்னு அந்தக் குட்டி பார்ட்ஸைக் கழட்டி வீசறவங்க இருக்காங்க. பிடிக்கலேன்னா அந்த ப்ளாக் இல்லாத சீரிஸ் 70 ஸ்டைல் பிஸ்டலா பாத்து வாங்குங்க, இருக்கற பாதுகாப்பைப் பிடுங்காதீங்க. அதே மாதிரி கிரிப் சேஃப்டியை, அதாவது கைப்பிடி பின்னாடி அமுக்கினா தான் சுட விடற லீவரை, பின் அடிச்சு செயலிழக்க வைக்கச் சொல்லிட்டு என் கிட்ட வராதீங்க, பண்ண மாட்டேன்.

தேய்க்காம அப்படியே போடலாம்னு விக்கற 'ட்ராப் இன்' ட்ரிகர் கிட்டும் இதே கதை தான். க்ளாக் பிஸ்டல்ல பார்ட் மாத்தி பழகினவங்க இதுலயும் போட்டா செட் ஆகிடும்னு நினைக்கறாங்க. இது ஜான் பிரவுனிங் டிசைன், 1911ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்டது, 1985ல பெரெட்டா வர வரைக்கும் அவங்களோட சைடுஆர்ம், அதாவது இடுப்புல வைக்கற பிஸ்டல். கையால ஃபிட் பண்ற காலத்து மெஷின் இது. ஹேமர் கொக்கியும் சியர் மூக்கும் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காரலேன்னா ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே பின்தொடர்ந்து வரும், இல்ல ஒரு தடவை இழுத்தா ரெண்டு மூணு ரவுண்டு, அதாவது தோட்டா, போயிடும். ரேஞ்ச்ல அப்படி ஆனா சிரிச்சுட்டு அடுத்த மேகசின் போடாதீங்க, அந்த நிமிஷமே நிறுத்துங்க.

சரி, புதுசா வாங்கறவங்களுக்கு. அஞ்சு இன்ச் ஃபுல் சைஸ், ஸ்டீல் ஃப்ரேம், .45 ஏசிபி தோட்டா, இதுல ஆரம்பிங்க. காலியாவே ஒரு கிலோவுக்கு மேல வரும், அந்த வெயிட் தான் உதையைக் குறைக்குது. மூணு இன்ச் குட்டி மாடல் பாக்க அழகா இருக்கும், ஆனா ஸ்பிரிங், மேகசின், ரவுண்டு எல்லாத்துலயும் நச்சரிக்கும். பிலிப்பைன்ஸ்ல செய்யற ராக் ஐலண்ட் மாதிரி விலை கம்மியானதுல ஆரம்பிக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல. வாங்கினதும் ஒண்ணையும் மாத்தாம சில நூறு ரவுண்டு சுடுங்க. மக்கர் பண்ணா முதல்ல மேகசினை சந்தேகப்படுங்க, பாதிக்கு மேல வியாதி அங்கதான். அப்புறம் சுட்ட கேஸை வெளிய இழுக்கற கொக்கி, எக்ஸ்ட்ராக்டர். அது வெறும் ஸ்பிரிங் ஸ்டீல் துண்டு, கையால சேம்பர்ல ரவுண்டு போட்டுட்டு ஸ்லைடை விடறவங்க அதைக் கெடுத்துக்கறாங்க. எப்பவும் மேகசின் வழியா லோட் பண்ணுங்க.

காசு செலவு பண்ணனும்னு கை அரிச்சா சைட், கிரிப் பேனல், நல்ல மேகசின், ஸ்லைடைத் திருப்பித் தள்ற புது ரீகாயில் ஸ்பிரிங், .45க்கு 16 பவுண்டு தான் வழக்கம். ஹேமர் கையைக் கடிக்குதுன்னா பீவர்டெயில், அதாவது வால் மாதிரி நீண்ட கிரிப் சேஃப்டி, ஆனா பெரும்பாலும் அதுக்கு ஃப்ரேமையே வளைவா வெட்டணும், கன்ஸ்மித் கிட்ட போங்க. ட்ரிகர் கடைசி. தற்காப்புக்கு வச்சுக்கறதுல ட்ரிகர் இழுக்கற வெயிட்டை நாலு பவுண்டுக்குக் கீழ கேட்டா நான் எந்தக் காரணத்தையும் ஏத்துக்க மாட்டேன். சுடறது சரியா படலேன்னா பெரும்பாலும் ட்ரிகர் வெயிட் காரணம் இல்ல, நீங்க இழுக்கற விதம் தான், அந்தக் காசுக்கு ஒரு நாள் ட்ரெய்னிங் போங்க.

வீட்டுல நீங்களே செக் பண்ணலாம், பிஸ்டல் காலியா இருக்கணும், ரவுண்டு அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. ஹேமரை ஏத்தி சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விடுங்க, சேஃப்டியை எடுங்க, அப்புறம் காது கிட்ட வச்சு ஹேமரை கட்டை விரலால லேசா பின்னாடி இழுங்க. அப்ப உள்ள ஒரு சின்ன 'க்ளிக்' கேட்டா சியர் நகர்ந்திருக்கு, அது தான் நீங்க பயப்பட வேண்டிய சத்தம். கிரிப் சேஃப்டியை அமுக்காமப் பிடிச்சு இதையே இன்னொரு தடவை பண்ணுங்க. எந்த பார்ட் மாத்தினாலும் முதல் தடவை ரேஞ்ச்ல மேகசின்ல ரெண்டே ரவுண்டு போட்டு சுடுங்க.

ஹேமர் பின்னாடி நிக்கறதைப் பாத்து பயந்து, உள்ள ரவுண்டு இருக்கும்போதே கட்டை விரலால இறக்கறீங்களே, தயவு செஞ்சு வேண்டாம். விரல் வழுக்கினா அவ்வளவுதான். பயமா இருந்தா சேம்பரைக் காலியா வைங்க. குழந்தை இருக்கற வீட்டுல லாக் பாக்ஸ் இல்லாம ஒரு ராத்திரி கூட வைக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு, எச்-1பில இருக்கறவங்க கவனிங்க. நான்-இமிக்ரன்ட் விசான்னா ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி ஏதாவது விலக்கு இல்லாம துப்பாக்கி வச்சுக்கறது ஃபெடரல் குற்றம். க்ரீன் கார்டு இருக்கற நண்பர் பேர்ல வாங்கி நீங்க வச்சுக்கறது அதை விட மோசம், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பற ஃபார்ம் 4473ல பொய் சொன்ன கேஸ்ல அவரும் சேந்து மாட்டுவார்.

கடைக்குக் கொண்டு வரும்போது காலி பண்ணி, கேஸ்ல போட்டு, ரவுண்டைக் கார்லயே விட்டுட்டு வாங்க. என்னென்ன மாத்தினீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, நான் திட்டுவேன் தான், ஆனா வேலை சீக்கிரம் முடியும். கழட்டின பழைய ஒரிஜினல் பார்ட்ஸையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க, நிறைய தடவை அதையே திருப்பிப் போட்டா பிஸ்டல் சரியாயிடுது.