சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் டிவியைத் தூக்கிப் போடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு அக்கா டேபிள் ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்ற வந்தார். பேச்சுவாக்கில், வீட்டு 43 இஞ்ச் டிவியை முந்தாநாள்தான் பழைய இரும்புக் கடையில் 300 ரூபாய்க்குப் போட்டதாகச் சொன்னார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "சத்தம் வருது தம்பி, படம் வரலை. பார்க்க வந்தவர் பேனல் போயிடுச்சுன்னுட்டார். புதுசு தவணையில எடுத்துட்டோம்." இந்த மாதம் இதோடு மூன்றாவது டிவி. மனசு கேட்காமல் கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டு அந்த இரும்புக் கடைக்குப் போனேன். டிவி குப்புறக் கிடந்தது, மேலே கம்பிக் கட்டு. உண்மையிலேயே பேனல் உடைந்தது அங்கேதான். பிரித்து எல்இடி டெஸ்டரை வைத்துப் பார்த்தால், 24 எல்இடியில் ஒன்றே ஒன்று கருகி, நடுவில் கறுப்புப் புள்ளியோடு நிற்கிறது. அவ்வளவுதான் அந்த டிவிக்கு வந்த நோய்.

இதைப் பொறுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் 22 வருடமாக இந்த ஒரு வார்த்தையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பேனல் வேறு, பேக்லைட் வேறு. பேனல் படத்தை உருவாக்கும், ஆனால் அதற்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. பின்னால் வரிசையாக இருக்கும் எல்இடி பட்டைதான் வெளிச்சம் தருகிறது. அந்த எல்இடிகள் பழைய சீரியல் செட் மாதிரி ஒன்றோடு ஒன்று தொடராக இணைக்கப்பட்டவை, அதனால் ஒன்று போனால் வரிசையே அணைந்துவிடும். டிவி போட்டதும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைகிறது, சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். ராத்திரி டிவியை ஓடவிட்டு, அறை லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக ஆள் நடமாடுவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. கோடு கோடாக விழுந்தாலோ, மை கொட்டியது போலப் பரவியிருந்தாலோ பேனல் கோளாறாக இருக்கலாம், அப்போது செலவு கட்டுமா என்று யோசிப்பதில் நியாயம் உண்டு. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யார் "பேனல் போச்சு" என்று சொன்னாலும் நம்பாதீர்கள், எங்கள் தொழில்காரர் சொன்னாலும் சரி. (இன்னொன்று, பேக்லைட் அளவை 100-இலேயே வைத்து ஓட்டாதீர்கள். 60-க்கு இறக்கினால் சூடு குறையும், எல்இடி கூடுதல் நாள் உழைக்கும்.)

இரும்புக் கடையில் போட்டால் மறுசுழற்சிக்குத்தானே போகிறது என்று கேட்கிறார்கள். போவது செம்பும் இரும்பும் மட்டும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள், அந்தப் புகையை மூச்சில் இழுப்பது அங்கே கூலிக்கு நிற்கும் பையன். 2022-இல் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்ததாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால் பங்குகூட இல்லை.

உடைந்த அந்த டிவியின் மதர்போர்டை 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதே மாடல் வைத்திருக்கும் டீக்கடைக்காரரின் டிவியில் இப்போது ஓடுகிறது. நல்ல பட்டைகளையும் பின்னால் இருந்த வெள்ளை அக்ரிலிக் தகட்டையும் சேர்த்து, துணி தைக்கும் ஒரு அம்மாவுக்கு, தையல் மெஷினுக்கு மேலே தொங்கவிட ஒரு விளக்கு செய்து கொடுத்தேன். நிழல் விழாத வெளிச்சம், ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை என்கிறார் அந்த அம்மா. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில், பழுதான சாமானை எடுத்து வந்து தெரிந்தவரோடு உட்கார்ந்து சரிசெய்யும் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள், ரிப்பேர் கஃபே என்று பெயர், இன்று பல நாடுகளில் நடக்கிறது. நம் ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடைத் திண்ணையே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு மேஜை போடுகிறோம். போன தடவை வந்த நான்கு மிக்ஸியில் இரண்டுக்குக் கோளாறே இல்லை. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ஓடின. ஓவர்லோடில் அது தானாகக் கட் ஆகும், சூடு ஆறியதும் அழுத்தினால் போதும்.

அப்புறம், வீடியோ பார்த்துவிட்டு வீட்டிலேயே பிரிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளை போர்டின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், தொட்டால் கை போகும். டிவி பேனலைத் தனி ஆளாகத் தூக்காதீர்கள், விரிசல் விடும். உப்பிய செல்போன் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே ஒதுக்கமாக வைத்துவிட்டு, பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்துப் பவர்பேங்க் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் ஒரு பையன் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போட்டிருக்கிறான். மெத்தை எரிந்ததோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் டிவியோடு ரிமோட்டையும், லேப்டாப்போடு சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். டிவியைப் படுக்கவைக்காமல், நிறுத்தியே கொண்டு வாருங்கள்.