குருட்டுப் புள்ளி வேண்டாம், ‘வண்டி மறைவு’ போதும்

போன மாதம் எங்கள் ஊரில் லாரி, வேன் ஓட்டுநர்களுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடந்தது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் பெரிய எழுத்தில், ‘வண்டியைத் திருப்பும் முன் குருட்டுப் புள்ளிகளைக் கவனியுங்கள்’ என்று ஒரு வரி வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இருபது வருடமாக டாரஸ் லாரி ஓட்டுகிற அண்ணன். என் காதருகே குனிந்து, “தம்பி, புள்ளி எங்க வெச்சிருக்காங்க? கண்ணாடியிலயா?” என்று கேட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் தெரிந்த ஒரு மனிதர் தமிழில் எழுதிய வரியைப் படித்துவிட்டு அதற்கு நேரான பொருளைக் கேட்கிறார், அந்தப் பொருள் தப்பாக இருக்கிறது, குற்றம் வரியில்தானே?

வண்டியைச் சுற்றி, ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் ஸ்பாட்’ என்று பெயர். அதைத்தான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். செய்தியில் பார்க்கிறேன், கார் விளம்பரத்தில் பார்க்கிறேன். சொந்தக்காரர் ஒருவரின் புதுக் காரில் திரையின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அங்கேயும் ‘குருட்டுப் புள்ளி எச்சரிக்கை’ என்று வந்து நிற்கிறது. வண்டிகளில் கேமரா வைப்பதே இந்த ஒரு சங்கதிக்காகத்தான் என்னும்போது, இதற்குச் சரியான பெயர் இல்லாமல் மற்றதைப் பேசவே முடியாது.

முதலில் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் கண்ணிலிருந்து வண்டிக்கு வந்தது. பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் 1660களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: பார்வை நரம்பு விழித்திரையிலிருந்து வெளியேறும் இடத்தில் விழும் பிம்பம் நமக்குத் தெரியாது. அங்கே ஒளியை உணரும் செல்களே கிடையாது என்பது பின்னால் தெரிந்தது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு இடது கட்டைவிரலையே பார்த்தபடி வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வலது விரலின் நுனி காணாமல் போகும், இன்னும் நகர்த்தினால் திரும்ப வரும். நம் அறிவியல் பாடத்தில் இதைக் குருட்டுப் புள்ளி என்பது முழுக்கச் சரி. விழித்திரையில் அது ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பார்வை உண்மையாகவே இல்லை.

வண்டியில் நிலைமை நேர்மாறு. ஓட்டுநரின் கண் நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கும் வெளியே நிற்கும் ஆளுக்கும் நடுவில் கதவு, தூண், பானெட், பின்பாடி என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. இதற்கு நாம் குழந்தையிலிருந்தே சொல்லும் சொல் ஒன்று உண்டு: மறைக்குது. திருவிழாவில் முன்னால் நிற்பவரின் தலை மறைக்கும், கல்யாண மண்டபத்தில் தூண் மறைக்கும். ‘அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது’ என்போமே தவிர, அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

‘குருட்டு’ என்ற அடை தமிழில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம், குருட்டு அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு. எல்லாவற்றிலும் யோசிக்காமல், தெரியாமல் நடப்பது என்ற பொருள்தான். ஒன்றை இன்னொன்று மறைக்கிறது என்ற பொருள் ஒன்றில்கூட இல்லை. ஆங்கிலத்தில் ‘பிளைண்ட்’ என்ற சொல்லுக்கு ‘மூடிய’, ‘வெளியே தெரியாத’ என்ற பொருள்களும் உண்டு. அவர்கள் ‘பிளைண்ட் ஆலி’ என்பதை நாம் முட்டுச்சந்து என்கிறோம். குருட்டுச் சந்து என்று எந்த ஊரிலும் பெயர் இல்லை. முட்டுச்சந்து என்று சொன்ன ஆள் சந்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், குருட்டுப் புள்ளி என்று எழுதியவர் அகராதியைப் பார்த்து எழுதினார், வித்தியாசம் அவ்வளவுதான்.

குருட்டைவிட எனக்குப் பெரிய சண்டை புள்ளியோடுதான். ஸ்பாட் என்பதற்குப் புள்ளியும் பொருள், இடமும் பொருள். ஸ்பாட் ஃபைன் என்பதை நாம் புள்ளி அபராதம் என்றா எழுதுகிறோம்? புள்ளி என்றதும் நம் மனதில் வருவது கோலப் புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. விரல் நுனி அளவுதான். அமெரிக்காவில் சின்ன வண்டிகளுக்குப் பின்கேமராவைக் கட்டாயமாக்கியபோது, பின்னால் எவ்வளவு இடம் திரையில் தெரிய வேண்டும் என்று விதியிலேயே அளந்து சொன்னார்கள்: 10 அடி அகலம், 20 அடி நீளம். அதாவது 200 சதுர அடி. நம் வீடுகளில் பல கூடங்கள் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு வகுப்புப் பிள்ளைகளே நிற்கக்கூடிய பரப்பைப் புள்ளி என்று சொல்லிக் கொடுத்தால், கேட்கிற ஓட்டுநர் ‘ஏதோ துளி இடம், தலையைக் கொஞ்சம் ஆட்டினால் தெரிந்துவிடும்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

வகுப்பு முடிந்து அந்த அண்ணன் என்னைத் தன் வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் ஊரே காலடியில் இருப்பது போல இருக்கிறது. கீழே கிளீனர் பையன் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை முன் பம்பரின் இடது மூலையில் வைத்தான். தெரியவில்லை. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவனே அங்கே குந்தினான், அப்போதும் தெரியவில்லை. பிறகு இடது பக்கம் கதவை ஒட்டி நடந்து வந்தான். கண்ணாடியில் ஒரு நொடி தோள் தெரிந்தது, அதற்குள் போய்விட்டது. எழுந்து எக்கிப் பார்த்தபோதுதான் குடத்தின் வாய் மட்டும் கண்ணில் பட்டது. “பைக்காரப் பசங்க இந்தப் பக்கம்தான் நுழைவானுங்க” என்றார் அண்ணன். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், அதனால் இடது பக்கத்தில் மறைவது அதிகம். லாரி இடது பக்கம் திரும்பும்போது ஒட்டி வந்த பைக் உள்ளே மாட்டுவதன் காரணம் இது.

புள்ளி வேண்டாம் என்று உணர்ந்த சிலர் ‘பார்வைக்கு எட்டாத பகுதி’ என்று எழுதுகிறார்கள். நல்ல மனதோடு செய்த மாற்றம்தான், ஆனால் இது அதைவிட ஆபத்தானது. எட்டாதது என்றால் தொலைவில் இருப்பது. மலை உச்சி எட்டாது, கடலின் அக்கரை எட்டாது. வண்டி மறைப்பதோ மிக மிகப் பக்கத்தில் இருப்பதை. அந்த அமெரிக்க விதியின் பின்னால் இருக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குழந்தையின் பெயரால் வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை, வீட்டு வாசலில் அப்பாவே வண்டியைப் பின்னால் எடுத்தபோது அடிபட்டு இறந்துபோனது. சட்டம் வந்து, விதி எழுதி, புதுச் சின்ன வண்டிகள் எல்லாவற்றிலும் கேமரா கட்டாயமாக 2018 மே 1 ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை நின்றது அப்பாவின் பார்வைக்கு எட்டாத இடத்திலா? சில அடி தூரம்தானே!

சரி, அப்போ என்ன சொல்வது? ‘மறைவிடம்’ என்று சொல்லிப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும் இடம் என்ற பொருள் முந்திக்கொள்கிறது, உடலின் அந்தரங்க உறுப்புக்கும் அதே சொல் வழங்குகிறது. ‘மறைபரப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வினைத்தொகை, மறைந்த, மறைகிற, மறையும் பரப்பு என்று மூன்று காலத்தையும் காட்டும், ஓடுகிற வண்டிக்குப் பொருத்தம். ஆனால் கத்தோலிக்கர்கள் அதை வேத ஊழியத்துக்கு நெடுநாளாக வைத்திருக்கிறார்கள், அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறே கொண்டாடுகிறார்கள். ஒருவர் வீட்டுச் சொல்லை எடுத்து இன்னொன்றுக்கு வைப்பது முறையில்லை.

நான் வந்து நிற்பது ‘வண்டி மறைவு’ என்பதில். புதிதாக ஒன்றும் இல்லை, மர மறைவு, சுவர் மறைவு என்று எல்லாரும் சொல்கிறோம். ராமன் வாலி மீது அம்பு விட்டது எங்கிருந்து என்றால் சின்னப் பிள்ளையும் மறைவிலிருந்து என்று சொல்லும். ‘வண்டி மறைவுல ஆள் நிக்குது’ என்றால் விளக்கமே வேண்டாம். சட்டம், பாடநூல் போன்ற இடங்களுக்கு ‘மறைவுப் பகுதி’ என்று கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். மறைவு என்றால் மரணம் அல்லவா என்று ஒருவர் கேட்டார். தலைவர் மறைவு வேறு, தூண் மறைவு வேறு என்று பிரித்துக்கொள்ள நமக்கு முன்னால் நிற்கும் சொல்லே போதும்.

இதே வரிசையில் இன்னொரு தொல்லை ‘மறைமுகப் பார்வை’. கண்ணால் நேரே பார்ப்பது ஒன்று, கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கான கருவிகளுக்கு ஐ.நா.வின் 46ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இருக்கிறது. 2016 முதல் அது பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகவே கேமராவும் திரையும் வைக்க இடம் கொடுக்கிறது. 2018இல் ஜப்பானில் லெக்சஸ் கார் அப்படி வந்தது, அடுத்த ஆண்டு மெர்சிடிஸின் ஆக்ட்ரோஸ் லாரி. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஓட்டுநர் நேரே எவ்வளவு பார்க்கிறார் என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், குறைந்தால் கேமரா, உணரி (சென்சார்) எல்லாம் கூடுதலாகப் போட வேண்டும். இந்தப் பேச்சில் ‘நேரடி’க்கு எதிர்ச்சொல் என்று மறைமுகத்தைப் போட்டுவிடுகிறார்கள். மறைமுக வரி சரி. மறைமுகப் பார்வை என்றால் திருட்டுத்தனமாக ஓரக்கண்ணால் பார்ப்பதல்லவா? அதிலும் மறைவை நீக்கவே வந்த கருவிக்கு ‘மறை’ என்று தொடங்கும் பெயர்! கருவிவழிப் பார்வை என்று சொன்னால் முடிந்தது.

கேமராவுக்கு வருவோம். லத்தீனில் கேமரா என்றால் அறை. இருட்டறையில் சிறு துளை வழியே வெளிக்காட்சி சுவரில் தலைகீழாக விழும் ஏற்பாட்டிலிருந்து கருவிக்குப் பெயர் வந்தது. நாம் ஒளிப்படக் கருவி, படக்கருவி என்கிறோம், படம் எடுக்கிற இடத்தில் நல்ல சொற்கள். வண்டியின் பின்னால் இருப்பதன் வேலை வேறு. 1956இல் ப்யூக் நிறுவனம் செஞ்சூரியன் என்ற காட்சிக் காரில் பின்பக்கக் கண்ணாடியே வைக்காமல் ஒரு டிவி கேமராவும் திரையும் வைத்ததே, அன்று முதல் அதன் வேலை காட்டுவது மட்டும்தான். கண்ணாடி காட்டுவது போலவே தெரியட்டும் என்று படத்தை இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது. நமக்குத் திசைகாட்டி, வழிகாட்டி, நாள்காட்டி, ரயில்வே கைகாட்டி என்று அருமையான ஒரு குடும்பமே இருக்கிறது. பின்காட்டி, பக்கக்காட்டி, சுற்றுக்காட்டி என்று அதில் சேர்த்துவிடலாம், கேமராவும் திரையும் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். பேச்சில் கேமரா என்றே சொல்லுங்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் ‘கண்காணிப்பு கேமரா’ என்று எழுதுவதில்தான். தமிழ்நாட்டில் 2022இல் பள்ளிப் பேருந்து விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் பின்னால் உணரியும் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நல்ல விதி. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் அது உடனே கண்காணிப்பு கேமரா ஆகிவிட்டது. கண்காணி யார்? தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த கங்காணி. கண்காணிப்பு என்றால் தப்பு செய்கிறவனைப் பிடிப்பது, பதிவு செய்து வைப்பது. எங்கள் பகுதியில் ஒரு பள்ளி வேனில் பார்த்தேன், முன்னும் பின்னும் கேமரா பளபளவென்று இருக்கிறது, ஒயர் நேராக ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டிக்குப் போகிறது, அவர் முன்னால் திரை இல்லை. கேட்டால் ‘எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுங்க’ என்கிறார்கள். பிள்ளை அடிபட்ட பிறகு போட்டுப் பார்ப்பதற்கா அது? பெயர் கண்காணிப்பு என்றால் பொருத்துகிறவர் பெட்டியைத்தான் நினைப்பார். பின்காட்டி என்று விலைச்சீட்டில் எழுதியிருந்தால், யாருக்குக் காட்ட என்ற கேள்வி கடையிலேயே வந்திருக்கும்.

மொழிபெயர்க்கிறவர்கள் ஒருமுறை வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இதை வேண்டிக் கேட்கிறேன். நான்கு கேமராவின் படங்களை ஒட்டி மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் சுற்றுக்காட்டியிலும் இரண்டு படங்கள் சேரும் மூலையில் ஆள் காணாமல் போவது உண்டு. சேறு அப்பினால் எந்தக் கேமராவும் ஒன்றும் காட்டாது. கேமராவுக்கும் மறைவு உண்டு என்றால் ஓட்டுநருக்குப் புரிகிறது, துணியை எடுத்துத் துடைக்கிறார்.

அந்த அண்ணன் போன வாரம் வண்டிக்குப் பெயின்ட் அடித்தார். இடது பக்கம், முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஏதாவது எழுதலாமா என்று போனில் கேட்டார். எழுதுபவர் கேட்டது நான்கே வார்த்தை, இடம் அவ்வளவுதானாம். மஞ்சளில் எழுதியிருக்கிறார்கள்: ‘இது வண்டி மறைவு. நிற்காதீர்கள்.’