ரேஷன்: படையிலிருந்து அடுக்களைக்கு வந்த சொல்

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதும்போது "1940 ஜனவரியில் பிரிட்டனில் ரேஷன் கடைகள் திறக்கப்பட்டன" என்று எழுதிவிடுவது மிக எளிது. எழுதுபவருக்கும் உறுத்தாது, படிப்பவருக்கும் உறுத்தாது. ஆனால் அது நடக்கவே இல்லை. பிரிட்டனில் ரேஷனுக்கென்று தனிக் கடைகள் கிடையாது. மக்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையிலும் இறைச்சிக் கடையிலும் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அந்தக் கடையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கான சரக்கை அரசு அனுப்பியது. கடை பழையதுதான். புதிதாக வந்தது அளவு.

நம் மனத்தில் ரேஷன் என்றதும் கடை தோன்றுகிறது, மலிவு விலை தோன்றுகிறது, நீள வரிசை தோன்றுகிறது. சொல்லின் உள்ளே இருப்பது இவை எதுவுமல்ல. அதன் உள்ளே இருப்பது ஒரு கணக்கு.

லத்தீனில் 'ராட்டியோ' என்றால் கணக்கு, எண்ணிப் பார்த்தல், அதன் வழியே அறிவு, காரணம். விகிதத்தைக் குறிக்கும் 'ரேஷியோ', காரணத்தைக் குறிக்கும் 'ரீசன்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரில் கிளைத்தவை. இடைக்கால லத்தீனில் இந்தச் சொல்லுக்கு 'ஒருவருக்கு என்று கணக்கிட்டு ஒதுக்கிய பங்கு' என்ற பொருளும் சேர்ந்தது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், படைவீரனுக்கு நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே படைப் பொருள்தான். இத்தனை ரொட்டி, இத்தனை இறைச்சி, இத்தனை மது என்று ஒரு வீரனின் ஒருநாள் பங்கு.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய நாளில் பிரிட்டனில் பொதுமக்கள் இதை 'நேஷன்' என்பதன் ஓசையில் 'ரேஷன்' என்றார்கள். படையில் இருந்தவர்கள் 'ராஷன்' என்பதற்கு நெருக்கமாகச் சொன்னார்கள். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் படைக்குப் போய்த் திரும்ப, படையின் ஒலியே பிரிட்டனில் நிலைத்துவிட்டது. இந்திக்காரர்கள் இன்று சொல்வது 'ராஷன்'. தமிழர் வாயில் நிற்பது 'ரேஷன்'.

சரி, வீரனின் பங்கு எப்படி வீட்டின் பங்கானது? முதல் உலகப் போரிலேயே அது தொடங்கிவிட்டது. 1915இல் ஜெர்மனியில் ரொட்டிக்கு அட்டை வந்தது. 1918இல் பிரிட்டனிலும் சர்க்கரையிலிருந்து தொடங்கி வந்தது. ஆனால் நாட்டின் எல்லா வீடுகளையும் ஒரே கணக்கேட்டில் கொண்டுவந்து வைத்தது இரண்டாம் போர்தான்.

பிரிட்டன் தன் உணவில் பாதிக்கு மேல் கப்பலில் வரவழைத்த நாடு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. தப்பி வரும் கப்பலிலும் பீரங்கிக்கும் எரிபொருளுக்கும் படைக்கும் இடம் வேண்டும். ஒரு மூட்டை சர்க்கரையைக் குறைத்தால் அந்த இடம் போருக்கு. 1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுவதும் ஆள் பதிவு எடுத்தார்கள். யாருக்கு அட்டை என்ற கணக்குக்கு அதுவே அடிப்படையானது. 1940 ஜனவரி 8இல் முதல் மூன்று பொருள்கள்: உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. வாரத்துக்கு ஒருவருக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். சர்க்கரை 12 அவுன்ஸ். அந்த ஆண்டு ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது, வாரத்துக்கு 2 அவுன்ஸ். தேநீர் இல்லாமல் பொழுது விடியாத ஒரு நாட்டில் வாரம் முழுவதற்கும் 57 கிராம் தேயிலை! 1941 ஜூனில் துணிக்கும் வந்தது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். அப்புறம் சோப்பு, மிட்டாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் ரேஷன் என்பது ஓர் உச்சவரம்பு. கையில் காசு எவ்வளவு இருந்தாலும் அட்டையில் உள்ள அளவுக்கு மேல் கடையில் வாங்க முடியாது. அரச குடும்பத்துக்கும் அட்டை உண்டு. உணவகத்தில் சாப்பிடுவது மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால் பணம் உள்ளவர்களுக்கு அது ஒரு புறவாசலாக இருந்தது. 1942இல் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதற்கும் ஒரு தடுப்பு போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்றும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சை நிற அட்டை, தனிச் சலுகைகள். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குபவருக்கும் பண்ணையில் உழைப்பவருக்கும் கூடுதல் பாலாடைக்கட்டி. யார் என்ன வேலை செய்கிறார், அவர் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து அளப்பது படை முகாமின் வழக்கம். போர் அந்த வழக்கத்தை ஊருக்குள் கொண்டுவந்தது.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடியதாகவும் ஆகும் என்பதற்குச் சோவியத் நகரமான லெனின்கிராடு சான்று. ஜெர்மன் படை நகரைச் சூழ்ந்துகொண்டபின், 1941 நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு நாளுக்கு 250 கிராம் ரொட்டி. அலுவலகப் பணியாளர், வேலையில்லாத முதியோர், குழந்தைகள் எல்லாருக்கும் 125 கிராம். அந்த 125 கிராமிலும் மாவு முழுசாக இல்லை, மரக்கூழ்த் தூள் முதலானவை கலந்திருந்தன. பிரிட்டனில் அட்டை என்றால் உணவின் அளவு. லெனின்கிராடில் அட்டை தொலைந்தால் உயிர் போயிற்று.

எங்கோ நடக்கும் படையெடுப்பு எங்கோ ஒரு வீட்டின் பங்கைக் குறைத்ததற்கு அமெரிக்காவை விடத் தெளிவான சான்று இல்லை. அங்கே இரண்டாம் போரில் முதலில் அளவு வைக்கப்பட்டது உணவுக்கு அல்ல, வண்டிச் சக்கரத்தின் டயருக்கு. 1942 ஜனவரி. அப்போது ஜப்பானியப் படை மலாயாவில் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ரப்பரில் 90 சதவீதத்துக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அந்த மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

அதே படையெடுப்பு நம் பக்கத்தையும் தாக்கியது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த இடங்கள் பல: வங்காளம், சென்னை மாகாணம், திருவிதாங்கூர், கொச்சி, இலங்கை. இந்திய அரசு உணவுக்கென்று தனித் துறை தொடங்கியதே 1942 டிசம்பரில்தான். கல்கத்தாவில் போர்த் தொழிற்சாலைகள் நிற்கக் கூடாது என்று, அவற்றின் தொழிலாளர்களுக்கு முதலாளிகள் வழியாக மலிவு விலையில் அரிசி போயிற்று. கிராமத்துக் கூலிக்காரருக்கு எந்த அட்டையும் இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இறந்தவர் 30 லட்சம் வரை என்பது பல ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. கல்கத்தா நகரத்துக்கு முழு அளவிலான பங்கீடு வந்தது 1944 ஜனவரி கடைசியில். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. யாரைப் போருக்கு வேண்டியவர் என்று எண்ணினார்களோ அவர் கணக்கில் இருந்தார், மற்றவர் இல்லை. 'கணக்கு' என்ற அந்த லத்தீன் வேரை நினைத்தால் எனக்கு இந்தப் பஞ்சம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பிரிட்டனின் ரேஷனையும் நம்முடையதையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது வரும் குழப்பம் இங்கே புரியும். அங்கே அது 'இதற்கு மேல் வாங்காதே' என்ற வரம்பு. போருக்குப் பின் நம் ஊரில் வளர்ந்தது 'இதற்குக் கீழே யாரும் போய்விடக் கூடாது' என்ற உறுதி. வசதி இருப்பவர் வெளிச்சந்தையில் எவ்வளவும் வாங்கலாம், இல்லாதவருக்கு அட்டை. சென்னை மாநிலத்தில் 1952இல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பின்னர் 1965இல் இந்திய உணவுக் கழகம், 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று வேறொரு வழியில் அது திரும்ப வந்து வேரூன்றியது. பெயர் அதே ரேஷன், வேலை வேறு.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

பொதுவாக நாம் வைத்திருப்பது 'பங்கீடு'. பங்கு, இடு ஆகிய இரண்டும் சேர்ந்து பங்கிடு. 'இடு' நீண்டு 'ஈடு' ஆகிப் பங்கீடு. கெடு 'கேடு' ஆவதும் சுடு 'சூடு' ஆவதும் இதே முறையில்தான். பள்ளி இலக்கணத்தில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்திருப்போம். 'பங்கு' பகு என்ற வினையோடு உறவுடையது. ஆக, ரேஷன் என்பதன் வேர் எண்ணிப் பார்ப்பதில் இருக்க, பங்கீடு என்பதன் வேர் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. இருப்பதை எல்லாரும் பகிர்ந்துகொள்வது என்ற எண்ணம் ரேஷனில் தானாக இல்லை, போரில்தான் அது ஏறியது. பங்கீட்டில் அது பிறப்பிலேயே இருக்கிறது. அதனால் போர்க்கால முறையைக் குறிக்கப் பங்கீடு மிகப் பொருத்தமான சொல் என்பேன். ஒரு சிக்கல் உண்டு. தொகுதிப் பங்கீடு, நதிநீர்ப் பங்கீடு, அதிகாரப் பங்கீடு என்று இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் நிறைய இருக்கின்றன. அதனால் முதல் முறை எழுதும்போது உணவுப் பங்கீடு, துணிப் பங்கீடு, பெட்ரோல் பங்கீடு என்று பொருளைச் சேர்த்தே எழுத வேண்டும்.

படைவீரனின் ரேஷனுக்குப் பங்கீடு பொருந்தாது. அதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: படி. அளக்கும் கருவியும் படி, அளந்து கொடுக்கும் நாள்செலவும் படி. கோயிலில் நாள்தோறும் இன்னதற்கு இவ்வளவு என்று வைத்திருப்பது படித்தரம். 'படியளக்கிறவர்' என்றால் சோறு போட்டுக் காப்பாற்றுகிறவர். பயணப்படியில் இருப்பதும் அதே படி. அகவிலைப்படி என்று இன்று அரசு எழுதுவதையும் முன்பு பஞ்சப்படி என்றார்கள். அந்தப் படித்தொகையும் இரண்டாம் உலகப் போர்க்கால விலையேற்றத்தில் பிறந்ததுதான். எனவே வீரனுக்கு அளந்து தரும் ஒருநாள் உணவை 'நாள்படி' அல்லது 'உணவுப்படி' என்றால் கச்சிதமாக இருக்கும். சிலர் இதற்குத் தொல்காப்பியத்தின் 'பெருஞ்சோற்று நிலை'யை நினைக்கலாம். அது போருக்குப் போகும் வீரருக்கு அரசன் வாரி வழங்கும் சோறு. வாரி வழங்குவது ரேஷன் ஆகாது, அளவு வேண்டும்.

இலங்கைத் தமிழர் வழக்கு தனி அழகு உடையது. 1942இல் அங்கே அரிசிப் பங்கீடு வந்தபோது மக்கள் நாவில் ஒட்டியது ரேஷன் அல்ல, கூப்பன். கூப்பன் அரிசி, கூப்பன் கடை. போர்க் காலத்தில் பங்கீட்டுக்காகவே கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் பெருகின, அவை சங்கக்கடை ஆயின. எழுத்தில் பங்கீட்டு அட்டை. கூப்பன் என்பது பிரெஞ்சில் 'வெட்டு' என்ற வினையிலிருந்து வந்தது. வெட்டி எடுத்த துண்டு. கடைக்காரர் கத்தரியால் அட்டையிலிருந்து வெட்டி எடுத்ததை அந்தப் பெயர் அப்படியே காட்டுகிறது. தமிழாக்கித்தான் தீர வேண்டும் என்றால் 'வெட்டுச் சீட்டு' எனலாம். ஆனால் கூப்பன் அரிசியின் விலையை, கொத்து என்ற அந்த ஊர் அளவை ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்காக 1953 ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. அத்தனை வரலாறு ஏறிய சொல்லை நான் மாற்றமாட்டேன்.

'நியாய விலைக் கடை' நல்ல தமிழ்தான், ஆனால் அது விலையைப் பேசுகிறது, பங்கைப் பேசவில்லை. இன்றைய நம் கடைக்கு அது சரி. 1940இன் லண்டனுக்கோ 1941இன் லெனின்கிராடுக்கோ அதைப் போட்டால் படிப்பவர் மனத்தில் தவறான படம் விழும். 'குடும்ப அட்டை'யும் அப்படியே. பிரிட்டனில் அட்டை குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் ஒன்று.

கடைசியாக, 'போர்க்காலப் பங்கீடு' என்று எழுதும்போதும் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடு இல்லை. போர் முடிந்து ஓராண்டு கழித்து, 1946 ஜூலையில்தான் ரொட்டிக்கு அட்டை வந்தது. 1948 வரை நீடித்தது. இறைச்சிக்கான பங்கீடு, உணவுப் பொருள்களில் கடைசியாக, 1954 ஜூலை 4இல் எடுக்கப்பட்டது.